வெடிப்பின் மேல் இரும்புத் தகடு

திரைக்கு முன்னால் மலையகம் – 14

2025 நவம்பர் 27, வியாழக்கிழமை. இலங்கை நேரப்படி காலை 6.30க்கு ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் கடைசிச் சீசனிலிருந்து முதல் நான்கு அத்தியாயங்களை நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்டது. நான்காவது சீசன் முடிந்து மூன்றரை வருடம் ஆகப்போகிறது என்ற நிலையில் ரசிகர்கள் முண்டியடித்ததில் சில நிமிடங்களுக்குச் சேவையே படுத்துவிட்டது. முதல் ஐந்து நாளில் 5 கோடியே 96 இலட்சம் பார்வைகள் என்று நிறுவனம் பிறகு கணக்குச் சொன்னது. ஆங்கிலத் தொடர் ஒன்றுக்கு நெட்ஃபிளிக்ஸில் அப்படியொரு தொடக்கம் அதற்குமுன் கிடைத்ததில்லை.

ஊவாவில் அந்தக் காலை வேறு மாதிரி விடிந்தது. பதுளை மாவட்டத்தில் விடாத மழை. மலைச்சரிவுகள் இடிந்து வீடுகள் புதைந்துகொண்டிருந்தன. நடந்துகொண்டிருந்த உயர்தரப் பரீட்சை பாதியில் நிறுத்தப்பட்டது. மறுநாள் டித்வா புயல் கிழக்குக் கரையைத் தொட்டது. நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. கரண்ட் இல்லை, ரயில் இல்லை, பாதைகள் பல இடங்களில் அறுந்துபோயின. உறவினரிடம் இரண்டு வார்த்தை சொல்ல சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறியவர்களுக்கு அந்தத் தொடரில் வரும் ஹாக்கின்ஸ் நகரத்து அசுரன் வெக்னா ஞாபகத்துக்கு வந்திருக்க மாட்டான்.

அதனால் இங்கே பல பேருக்கு வரிசை தலைகீழாகிவிட்டது. டிசம்பர் 26ஆம் திகதி இன்னும் மூன்று அத்தியாயங்கள், ஜனவரி 1ஆம் திகதி கடைசி அத்தியாயம் என்று கதை முடிந்தபோது, உலகம் முழுக்க அதன் மேல் சண்டை ஆரம்பித்திருந்தது. “சொதப்பிட்டானுங்க” என்ற தீர்ப்பு முதலில் மலையேறியது. தொடர் அதற்குப் பின்னால் வந்தது.

சென்ற வாரப் பகுதி ‘கோலங்கள்’ தொடரோடு நின்றது. 2003இலிருந்து 2009 வரை 1,533 அத்தியாயங்கள் ஓடிய அந்தக் கதையை லயன் கூரைகளில் நிற்கும் டிஷ் அன்டெனாக்கள் வழியாகப் பார்த்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள்தான் இந்த வாரத்து ஆட்கள். எட்டே எட்டு அத்தியாயம். அதற்கு இத்தனை மனத்தாங்கலா என்று பாட்டிமார் கேட்டால் அதில் நியாயம் உண்டு.

அந்த டிஷ்ஷுக்கும் விஞ்ஞானக் கதைக்கும் இந்த நாட்டில் ஒரு பழைய உறவு இருக்கிறது. 1956இல் இலங்கைக்குக் குடிவந்த ஆர்தர் சி. கிளார்க், பூமியோடு சேர்ந்து சுற்றும் செயற்கைக்கோள்கள் மூலம் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று 1945லேயே கட்டுரை எழுதியவர். 1975இல் இந்தியா கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் தொலைக்காட்சிப் பரிசோதனை நடத்தியபோது, அதைப் பார்க்க அவருடைய கொழும்பு வீட்டில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் ஒரு டிஷ் பொருத்திக் கொடுத்தது. இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியதே 1979இல்தான். நான்கு வருடம் முன்னதாகவே வீட்டில் படம் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு விஞ்ஞானக் கதை எழுத்தாளர். நீளும் கதைகளின் ஏற்ற இறக்கம் என்பது அவருக்கும் தெரிந்த விஷயம். ‘2001’ நாவலை அவர் மேலும் மூன்று நாவல்களாக நீட்டினார். முதல் நாவலுக்குக் கிடைத்த வரவேற்பு பின்னால் வந்தவற்றுக்குக் கிடைக்கவில்லை.

இப்போது கையில் இருப்பது ஃபோன். லயக் காம்பராவில் தொடர் பார்ப்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது. ஒரு ஆள் டேட்டா போடுவார், நான்கு பேர் பார்ப்பார்கள். நள்ளிரவுக்கு மேல் கிடைக்கும் இரவு டேட்டாவில் இறக்கி வைத்துக்கொண்டு, மறுநாள் சாயந்தரம் சீனி டின்னில் ஃபோனைச் சாய்த்து நிறுத்தினால் திரை தயார். தமிழ் டப்பிங் இருந்தால் அடுப்படியில் இருக்கும் அம்மாவும் ஒரு காதைக் கொடுப்பார்.

“ஏன்டா, இவன்தானே அந்தப் புள்ளய தூக்கிக்கிட்டுப் போனவன்?”

“அதுக்கு முந்தி வேற ஒன்னு இருந்துச்சும்மா. இவன்தான் அதுக்கெல்லாம் பெரிய ஆளு.”

இந்தச் சீசனைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்பட்ட முதல் குறை, பாத்திரங்கள் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டே இருக்கிறார்கள் என்பது. ஆபத்து தலைக்கு மேல் நிற்கும்போது, கைக்குக் கிடைத்த சாமானை மேசையில் அடுக்கி ஒருவர் திட்டம் சொல்வார், இன்னொருவர் அதையே வேறு வார்த்தையில் திருப்பிச் சொல்வார். கண் எடுக்காமல் பார்ப்பவருக்கு அது எரிச்சல். ரொட்டி தட்டிக்கொண்டே கேட்கும் அம்மாவுக்கோ அந்த இடத்தில்தான் கதை புரிகிறது. குறை பொய்யில்லை. ஆனால் யாருக்குக் குறை என்பது உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பொறுத்து மாறுகிறது.

தொடரின் கதை இதுவரை கேள்விப்படாதவர்களுக்குச் சுருக்கமாக: அமெரிக்காவின் இண்டியானாவில் ஹாக்கின்ஸ் என்ற கற்பனை ஊர். 1983இல் வில் என்ற பையன் காணாமல் போகிறான். தேடிப்போகும் மைக் முதலான நண்பர்களுக்கு, ஆய்வுகூடத்திலிருந்து தப்பி வந்த, மனோசக்தியுள்ள இலெவன் என்ற சிறுமி கிடைக்கிறாள். ஊருக்கு அடியில் அதே ஊரின் இருண்ட நகலாக ஒரு மாற்றுலகம் இருப்பது தெரிகிறது. டஃபர் சகோதரர்கள் உருவாக்கிய முதல் சீசன் 2016 ஜூலையில் வந்தபோது இலெவனாக நடித்த மில்லி பாபி பிரவுனுக்கு வயது 12. கடைசிச் சீசன் வெளியானபோது 21. முடிவுரையை விட்டால் கதைக்குள் ஓடியதோ நான்கு வருடம்தான், 1987 வரை. 2023இல் ஹாலிவுட் எழுத்தாளர்களும் நடிகர்களும் அடுத்தடுத்துச் செய்த வேலைநிறுத்தத்தால் படப்பிடிப்பு 2024 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. பள்ளிப் பிள்ளைகளாக நடிப்பவர்கள் ஆளாகி நிற்கும் உறுத்தல் முதல் காட்சியிலேயே தொடங்கிவிடுகிறது.

ஆனாலும் முதல் நான்கு அத்தியாயங்களைக் கடிந்தவர்கள் குறைவு. நான்காம் அத்தியாயத்தின் முடிவில், ஐந்து சீசன்களாக அடிவாங்கிக்கொண்டே இருந்த வில், முதல் முறையாகத் தன் சக்தியால் அசுரப் பிராணிகளை நிறுத்தி, எலும்பை முறித்துப் போடுகிறான். தொடரின் மிகச் சிறந்த இடங்களில் ஒன்று அது. குண்டுப் பையன் டெரிக் டர்ன்போ, இரண்டே அத்தியாயத்தில் எல்லோருக்கும் செல்லப்பிள்ளையாகிவிட்டான். வாயாடியாக அறிமுகமாகி, மற்றப் பிள்ளைகளைக் காப்பாற்றத் துணிபவன்.

சறுக்கல் டிசம்பர் அத்தியாயங்களில். குறிப்பாக ஏழாவது அத்தியாயத்துக்குப் பார்வையாளர்கள் போட்ட மதிப்பெண் தொடரின் வேறெந்த அத்தியாயத்துக்கும் இல்லாத அளவு கீழே போனது. வில் தன் பாலின ஈர்ப்பைப் பற்றி எல்லோர் முன்னாலும் மனம் திறக்கும் நீண்ட காட்சி அதில் வருகிறது. விழுந்த அடியில் ஒரு பங்கு அந்த விஷயத்தின் மீதான வெறுப்பிலிருந்து வந்தது என்பதை மறைக்க முடியாது. இன்னொரு பங்கு, உலகம் அழிய மணிக்கணக்கே மீதம் இருக்கும்போது இத்தனை பேரை உட்காரவைத்து இவ்வளவு நேரம் பேசுவதா என்ற கேள்வியிலிருந்து வந்தது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டியதால் நியாயமான விமர்சனத்துக்கும் கெட்ட பெயர் கிடைத்தது.

கடைசி அத்தியாயம் இரண்டு மணி எட்டு நிமிடம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 500க்கு மேற்பட்ட தியேட்டர்களிலும் ஓடியது. அங்கே அழுதவர்களே வீட்டுக்கு வந்து குறைகளை அடுக்கினார்கள். அந்தக் குறைகளைக் கவனித்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. மாற்றுலகம் என்பது உண்மையில் இரண்டு உலகங்களை இணைக்கும் புழுத்துளை என்று கதை திடீரென்று சொல்வதை யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை. ஒரு சிறுமி மூக்கில் இரத்தம் வடிய வாகனத்தைப் புரட்டுவதை முதல் சீசனிலேயே ஏற்றுக்கொண்டவர்கள் அவர்கள். கோபம் எல்லாம் கதை மறந்துபோன விஷயங்கள் மேல்தான். இத்தனை வருடம் பயமுறுத்திய டெமோகார்கன் பிராணிகள் இறுதிச் சண்டையில் ஏன் ஒன்றுகூட இல்லை? லிண்டா ஹாமில்டன் நடித்த இராணுவ டாக்டர் கே, பதினெட்டு மாதத்துக்குப் பிறகான முடிவுரையில் எங்கே போனார்? இவ்வளவு இராணுவத்தினர் செத்த பிறகு அந்தப் பிள்ளைகளை யாரும் விசாரிக்கவே இல்லையா? அசுரப் பிராணிகள் ரசிகர்களுக்கு அலுத்துவிடக் கூடாது என்றும், வெக்னா அந்தத் தாக்குதலை எதிர்பார்க்கவில்லை என்றும் டஃபர் சகோதரர்கள் பேட்டிகளில் சமாதானம் சொன்னார்கள். கதைக்குள் சொல்லாததை வெளியே வந்து சொன்னால் ரசிகனுக்கு வயிறு நிறையாது.

பதுளையில் இருந்து பார்த்தால் இந்தப் பட்டியலில் இன்னொரு மறதியும் சேரும்.

நான்காவது சீசனின் முடிவில் ஹாக்கின்ஸ் நகரம் நான்காகப் பிளக்கிறது. நிலநடுக்கம் என்று வெளியுலகத்துக்குச் சொல்கிறார்கள். ஐந்தாவது சீசனில் அந்தப் பிளவுகளின் மேல் இராணுவம் பெரிய இரும்புத் தகடுகளைப் போட்டு மூடியிருக்கிறது. ஊரைச் சுற்றித் தடுப்பு. உள்ளேயோ பள்ளிக்கூடம் நடக்கிறது, வானொலி நிலையம் பாட்டுப் போடுகிறது, சனங்கள் தகட்டைக் கடந்து வேலைக்குப் போகிறார்கள். யாருடைய வீட்டுச் சுவர் விரிந்தது, யார் எந்த மண்டபத்தில் தங்கினார்கள் என்று கதை நின்று பார்ப்பதில்லை.

தரையில் விழும் வெடிப்பு ஊவா மக்களுக்கு வெறும் காட்சி இல்லை. மண்ணிலும் சுவரிலும் புதிதாக விரிசல், மரமும் கம்பமும் சாய்தல், இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புதல், தெளிந்த நீர் திடீரென்று கலங்குதல் – மண்சரிவுக்கு முன்னறிகுறியாக இவற்றைப் பார்க்கச் சொல்லித்தான் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கிறது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் லயன்களை மலை மூடியது. அங்கும் சரிவு அபாயம் பற்றிய எச்சரிக்கை முன்கூட்டியே விடப்பட்டிருந்தது. போக இடம்தான் இருக்கவில்லை. வெடிப்பு விழுந்தால் பாய் தலையணையைச் சுருட்டிக்கொண்டு பாடசாலைக்கோ கோயிலுக்கோ போவதும், மழை விட்டதும் அதே காம்பராவுக்குத் திரும்புவதும் இங்கே பல தோட்டங்களில் பழகிப்போன நடைமுறை. தகடு போட்டு மூடிவிட்டு அடுத்த காட்சிக்குப் போகும் கதையை இப்படிப்பட்ட ஊரில் பார்ப்பவர் சும்மா விட மாட்டார்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. முக்கியமான பாத்திரங்களில் போதிய அளவு யாரும் சாகவில்லை என்பது உலகளவில் மிகச் சத்தமாகக் கேட்ட புகார்களில் ஒன்று. இத்தனை பெரிய போரில் ஸ்டீவ் பிழைக்கிறான், ஹாப்பர் பிழைத்து ஜாய்ஸிடம் கல்யாணம் கேட்கிறார், நண்பர்கள் பட்டம் வாங்குகிறார்கள். ஆபத்துக்கு எடை இல்லாமல் போய்விட்டது என்பது விமர்சகரின் கோணம், அது சரியான கோணமும்தான். ஆனால் டிசம்பரில் அந்தியேட்டி வீடுகளுக்குப் போய் வந்த ஒருவர், ஜனவரியில் இந்தத் தொடரைத் திறந்து, எல்லோரும் வீடு திரும்பும் முடிவைக் குறையாக எண்ணுவாரா என்பது வேறு கேள்வி.

மறதிகளைப் பொறுக்க முடியாத ரசிகர்கள் கடைசியில் தாங்களே ஒரு கதை கட்டினார்கள். இத்தனை ஓட்டை தற்செயலாக இருக்க முடியாது. முடிவுரை முழுவதும் வெக்னா காட்டும் மாயை. ஜனவரி 7ஆம் திகதி இரகசியமாக ஒன்பதாவது அத்தியாயம் வரும் என்று ஒரு கணிப்பு உலகைச் சுற்றியது. பட்டமளிப்புக் காட்சியில் எல்லோரும் கையைக் கட்டி நின்ற விதம்கூடச் சான்றாகக் காட்டப்பட்டது. திகதி வந்தது, அத்தியாயம் வரவில்லை. எழுதியவர்கள் அசந்துவிட்டார்கள் என்று நம்புவதைவிட, அவர்கள் தங்களை ஏமாற்றுகிறார்கள் என்று நம்புவது இந்த ரசிகர்களுக்கு எளிதாக இருந்தது. பிடிக்காத தொடருக்கு யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

முடிவைத் திறந்துவிடுவது தமிழ் வாசகருக்குப் புதிதில்லை. குமுதத்தில் தொடராக வந்த சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’, நடந்தது ஆவியின் வேலையா, ஹோலோகிராம் வித்தையா என்பதைக் கடைசிவரை உறுதியாக்காமல் முடிந்தது. அதைப் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை. இலெவனின் முடிவும் அந்த வகைதான். மாற்றுலகம் வெடித்துச் சிதறும்போது அவள் அதற்குள் நின்றுவிடுகிறாள். பிறகு நண்பர்களிடம் மைக் ஒரு கதை சொல்கிறான்: அங்கே நின்றது, மாயக்காட்சி காட்டும் சக்தியுள்ள காளி உண்டாக்கிய தோற்றம், இலெவன் எங்கோ உயிரோடு இருக்கிறாள் என்று. நம்புகிறோம் என்கிறார்கள் நண்பர்கள். இரண்டு முடிவுகளுக்கும் வித்தியாசம் உண்டு. சுஜாதா இரண்டு பக்கத்துக்கும் தடயம் வைத்துவிட்டுப் போனார். டஃபர் சகோதரர்கள் ஒரு பக்கத்தை மைக்கின் வாய்ப்பேச்சில் வைத்தார்கள். அதனால்தான் ஒரு சாராருக்கு அது அழகான விடைபெறலாகவும், இன்னொரு சாராருக்கு நழுவலாகவும் பட்டது.

நிறுத்தி வைக்கப்பட்ட உயர்தரப் பரீட்சைப் பாடங்கள் ஜனவரியில் நடந்தன. டேட்டாவும் நேரமும் அதற்குப் பிறகே தொடருக்குக் கிடைத்த மாணவர்களுக்கு முடிவு முன்பே தெரியும், குறைகளும் தெரியும். அவர்கள் பார்க்க வேண்டியிருந்தது அந்தக் குறை உண்மையா என்பதை மட்டும். இதற்கிடையில் நெட்ஃபிளிக்ஸ் அடுத்ததையும் அறிவித்துவிட்டது: இரண்டாம், மூன்றாம் சீசன்களுக்கு நடுவே, 1985 குளிர்காலத்தில் நடக்கும் ஒரு கார்ட்டூன் தொடர். யார் யார் பிழைப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த காலத்தில் நடக்கும் கதை அது. “இனிப் பாக்கவே மாட்டேன்” என்று சொன்னவர்களில் எத்தனை பேர் அதற்கு டேட்டா போடுவார்கள் என்று பந்தயம் கட்டலாம்.

(தொடரும்)

அடுத்த வாரம்: லயன் கூரையில் டிஷ் ஏறிய காலம்.