உஷார்! ‘உங்களுக்கு மன உறுதி போதாது’ என்பவர் எதையோ விற்க வந்திருக்கிறார்

வாட்ஸ்அப்பில் ஒரு குழு. காலை ஆறு மணிக்கு எடை மெஷினில் ஏறி நின்று, எண் தெரியும்படி படம் எடுத்துப் போட வேண்டும். குறைந்தவருக்குக் கைதட்டல் மழை. குறையாதவருக்கு ‘கோச்’ தனியாகக் குரல் செய்தி அனுப்புவார்: “பொடி எல்லாருக்கும் வேலை செய்யுது மேடம். உங்களுக்கு மட்டும் செய்யலைன்னா மனசுல உறுதி இல்லைன்னு அர்த்தம். அடுத்த மாசப் பேக்கேஜையும் எடுத்துட்டு இந்தத் தடவை சீரியஸா இருங்க.” இப்படிப்பட்ட குழு இல்லாத ஊர் இன்று குறைவு. உங்கள் வீட்டிலேயே யாராவது ஒருவர் அதில் இருக்கக்கூடும்.

அந்தக் குரல் செய்தியை இன்னொரு முறை கேளுங்கள். எடை குறைந்தால் பெருமை பொடிக்குப் போகிறது. குறையாவிட்டால் பழி உங்கள் தலையில் விழுகிறது. சரக்கு ஒருநாளும் தோற்காத வியாபாரம் இது. இதை நடத்த ஒரேயொரு நம்பிக்கை போதும்: ஒருவருடைய எடைதான் அவருடைய மன உறுதியின் அளவு என்ற நம்பிக்கை. அதை அந்த கோச் புதிதாக உண்டாக்கவில்லை. கல்யாண வீட்டில், வளைகாப்பில், பேருந்து நிறுத்தத்தில், “என்னம்மா இப்படி உடம்பு போட்டுட்டே? கொஞ்சம் வாயைக் கட்டக் கூடாதா?” என்று நாமெல்லாம் கேட்டுக் கேட்டு வளர்த்து வைத்திருக்கிறோம். அவர் வந்து காசாக்குகிறார்.

அந்த நம்பிக்கை பொய். அதுவும் ஆளைக் கொல்லக்கூடிய பொய்.

1990-களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் மருத்துவர்களிடம் ஒரு சிறுமி வந்தாள். எட்டு வயது, 86 கிலோ. அவளுடைய உறவுக்காரக் குழந்தைக்கு இரண்டு வயது, 29 கிலோ. எவ்வளவு சாப்பிட்டாலும் இருவருக்கும் பசி அடங்காது. இப்படிப்பட்ட குழந்தையை வளர்க்கும் தாயை ஊர் என்னவெல்லாம் பேசும் என்று நமக்குத் தெரியும். ஸ்டீபன் ஓ’ராஹிலி, சதாஃப் ஃபாரூக்கி ஆகியோரின் குழு 1997-ல் காரணத்தை வெளியிட்டது. கொழுப்புத் திசுவில் சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனை அந்தக் குழந்தைகளின் உடலால் உருவாக்க முடியவில்லை. உடலில் சேமிப்பு போதுமான அளவு இருக்கிறது என்று மூளைக்குத் தகவல் சொல்வது அந்த ஹார்மோன்தான். அதை நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் எலிகளை ஆராய்ந்து 1994-ல்தான் கண்டறிந்திருந்தார். சிறுமிக்கு லெப்டின் ஊசி போடத் தொடங்கியதும் பசி தணிந்தது. ஓராண்டில் 16 கிலோ இறங்கியது. ஊசிக்கு முந்தின நாள் அவளுக்கு மன உறுதி இல்லாமல் இருந்து, மறுநாள் வந்துவிட்டதா?

இது மிக அரிதான குறைபாடுதான். கோடிக்கணக்கான பருமனான மனிதர்களுக்கு லெப்டின் இல்லாமல் போகவில்லை. ஆனால் பசியை ஏற்றி இறக்கும் ஏற்பாடு எல்லோருடைய மூளையிலும் இருக்கிறது, ஆளுக்கு ஆள் அது வேறுபடுகிறது, அந்த வேறுபாட்டில் பெரும்பங்கு பிறப்போடு வருகிறது. டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரை ஆல்பர்ட் ஸ்டங்கர்ட் ஆராய்ந்து 1986-ல் எழுதினார். அவர்களுடைய உடல்வாகு பெற்றவர்களை ஒத்திருந்தது. சோறு போட்டு வளர்த்தவர்களோடு அதற்கு ஒட்டுறவே தெரியவில்லை.

“இருக்கட்டும், மனசு வெச்சுக் குறைச்சவங்களும் இருக்காங்களே” என்பீர்கள். இருக்கிறார்கள். அப்படிக் குறைத்தவர்களையே பார்ப்போம். அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘தி பிக்கஸ்ட் லூசர்’ என்று ஒரு போட்டி. மாதக்கணக்கில் பட்டினிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, மணிக்கணக்கில் உடற்பயிற்சி செய்து, கேமரா முன் அழுதுகொண்டே எடையைக் குறைப்பார்கள். மன உறுதி என்றால் அதற்குமேல் என்ன வேண்டும்? அவர்களில் 14 பேரை அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் தொடர்ந்து கவனித்து 2016-ல் முடிவுகளை வெளியிட்டார். போட்டியில் சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள், ஆறாண்டில் அதில் சராசரியாக 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அதிர்ச்சி அதோடு முடியவில்லை. அதே உடம்பளவுள்ள மற்றவர்கள் சும்மா இருக்கும்போது எரிக்கும் கலோரியைவிட நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே இவர்களுடைய உடல் எரித்தது, ஆறாண்டு கழித்தும். ஒரு வேளைச் சாப்பாட்டு அளவு அது. இளைத்த உடல் பஞ்சம் வந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறது. செலவைச் சுருக்குகிறது, பசியைத் தூண்டும் ஹார்மோனை ஏற்றுகிறது, லெப்டினை இறக்குகிறது. அதை எதிர்த்து ஒருவர் நிற்க முடியாமல் போனால் அவருடைய குணத்தில் ஓட்டை என்று சொல்வது அநியாயம்.

அதற்காக உணவும் நடையும் வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் சொல்வது அதற்கு நேர் எதிரானது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-ல் வெளிவந்தது. சர்க்கரை நோயின் வாசலில் நின்றிருந்த 531 பேர் அதில் பங்கேற்றார்கள். அவர்களில் வெறும் அறிவுரையோடு விடப்பட்டவர்களில் மூன்றாண்டுக்குள் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. உணவை மாற்றி, நடையைக் கூட்டியவர்களில் 39 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. இத்தனைக்கும் அவர்களுடைய எடையில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் ஏதும் இல்லை! மூன்றாண்டு உழைப்பு உடலுக்குள் பலன் கொடுத்தது, எடை மெஷின் அதைக் காட்டவே இல்லை. தினமும் காலையில் மெஷினில் ஏறி, எண் நகரவில்லை என்று நடையையே நிறுத்திவிடுகிறவர்கள் எத்தனை பேர்! அந்த எண்ணை நம்பிக் கையிலிருந்த மருந்தைத் தூக்கி எறிகிறார்கள்.

இனி ஆபத்துகளுக்கு வருகிறேன். முதலில் அந்த டப்பா. ‘ஹெர்பல், பக்கவிளைவே கிடையாது’ என்று அச்சடித்திருக்கும். சிபுட்ரமின் என்று ஒரு மருந்து இருந்தது. பசியைக் குறைக்கும், கூடவே ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் ஏற்றும். மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது தெரிந்து 2010-ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து அது விலக்கப்பட்டது, 2011-ல் இந்தியாவும் தடை செய்தது. தடைக்குப் பிறகும் ‘இயற்கை மூலிகை’ என்ற பெயரில் விற்ற எடைக்குறைப்புப் பொருள்களில் அதே சிபுட்ரமின் ஒளித்துக் கலக்கப்பட்டிருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது. இந்தப் பொடிகள் சிலருக்கு உண்மையாகவே ‘வேலை செய்வது’ எப்படி என்று இப்போது புரிகிறதா? டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். உணவுப் பொருள் விற்பதற்கான உரிமம் அது. எடையைக் குறைக்கும் என்பதற்கோ, உள்ளே கலப்படம் இல்லை என்பதற்கோ அது சான்று ஆகாது.

நிஜமான மூலிகையாகவே இருந்தாலும் நிம்மதி கிடையாது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஓர் எடைக்குறைப்பு மையம் பெண்களுக்குச் சீன மூலிகை மாத்திரை கொடுத்தது. ஒரு மூலிகைக்குப் பதில் அரிஸ்டோலோக்கியா இனத்தைச் சேர்ந்த வேறொன்று அதில் சேர்ந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்தது. பலர் டயாலிசிஸுக்கும் மாற்றுச் சிறுநீரகத்துக்கும் போனார்கள், சிலருக்குப் பிற்பாடு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. நம்மூர் ஆடுதீண்டாப்பாளையும் அதே இனச் செடிதான். பெயர் போடாத பொடிக்குள் எந்த வேர் அரைபட்டிருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது.

அடுத்தது இதைவிடப் பயப்பட வேண்டியது. எடை ஏறுவதை ஒழுக்கக் குறையாகப் பார்க்கிற வீட்டில், அது நோயின் அறிகுறி என்று யாருக்கும் தோன்றாது. தைராய்டு மந்தமான பெண்ணைப் பார்த்து “சோம்பேறி, தூங்கித் தூங்கியே பெருத்துட்டா” என்பார்கள். மாதவிலக்கு மூன்று மாதம் தள்ளிப்போய், முகத்தில் ரோமம் வளர்ந்து, சினைப்பை நீர்க்கட்டியோடு அவதிப்படுகிற பதினேழு வயதுப் பெண்ணிடம் “நொறுக்குத் தீனியை நிறுத்து” என்பார்கள். மூட்டுவலிக்கும் மூச்சிளைப்புக்கும் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கிற பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது நம் நாட்டில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. அதைத் தின்ற பாட்டிக்கு முகம் நிலவு மாதிரி உருண்டு, வயிறு பெருத்து, கை கால் சூம்பிப்போகும். “மருமக சாப்பாடு ஒத்துக்குது போல” என்று சிரித்துக்கொண்டிருப்போம். அந்தப் பொடியைத் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே உலை வைக்கலாம். மருத்துவரிடம் காட்டித்தான் நிறுத்த வேண்டும்.

மனநல மாத்திரைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஓலன்சபின், வால்ப்ரோயேட் போன்றவை பலருக்குப் பசியையும் எடையையும் கூட்டும். ஊராரின் கேலி தாங்காமல் வீட்டுக்குத் தெரியாமல் மாத்திரையை நிறுத்திவிட்டு, மூன்றாம் மாதம் நோய் முற்றி வருகிறவர்கள் உண்டு. வால்ப்ரோயேட்டை வலிப்புக்காகச் சாப்பிடுகிறவர் நிறுத்தினால், வண்டி ஓட்டும்போதே வலிப்பு வரலாம். எடை ஏறினால் மாத்திரையை மாற்ற வழி இருக்கிறது. கேட்டால்தான் டாக்டர் மாற்றுவார்.

இனி ஒல்லியானவர்களே, உங்களுக்கு. “நான் ஃபிட்டு, எனக்கு ஒண்ணும் வராது” என்கிறீர்கள். புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக், பிரிட்டன் மருத்துவர் ஜான் யுட்கின் இருவரின் படத்தையும் 2004-ல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது. உயரத்தோடு எடையை ஒப்பிடும் பி.எம்.ஐ. அளவு இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9 சதவீதம், யாக்னிக் உடலில் 21 சதவீதம். இந்திய உடல்வாகு அப்படி. கை கால் மெலிந்திருக்கும், வயிற்றுக்குள்ளே கொழுப்பு சேர்ந்திருக்கும். அதனால்தான் நமக்கு பி.எம்.ஐ. 23 தாண்டினாலே கவனம் தேவை என்று மருத்துவர்கள் வரையறுத்திருக்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. தையல்காரர் வைத்திருக்கும் டேப் ஒன்று போதும் பார்க்க.

இன்னொன்றும் கேளுங்கள். முயற்சி எதுவும் செய்யாமலே ஒருவர் ஆறு மாதத்தில், ஓராண்டில் உடல் எடையில் இருபதில் ஒரு பங்கு இழந்தால், அதாவது 60 கிலோ ஆள் 57 ஆனால், “அட, இளைச்சு அழகாயிட்டீங்களே” என்று பாராட்டாதீர்கள். காசநோய், கட்டுப்பாடு மீறிய சர்க்கரை, தைராய்டு மிகைச் சுரப்பு, புற்றுநோய் என எல்லாம் அந்த வாசல் வழியாக வரக்கூடும். பாராட்டைக் கேட்டு மகிழ்ந்து ஆறு மாதம் தாமதித்தவருக்கு அந்த ஆறு மாதத்தை யாரும் திருப்பித் தர முடியாது.

வளரும் பிள்ளைகள் விஷயத்தில்தான் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. மகள் சோற்றைத் தட்டில் பரப்பி மறைக்கிறாளா, சாப்பிட்டதும் குளியலறைக் கதவைத் தாழிடுகிறாளா, கைநிறைய முடி கொட்டுகிறதா, மாதவிலக்கு நின்றுவிட்டதா? “நல்ல கட்டுப்பாடு” என்று மெச்சிக்கொள்ளாதீர்கள். அனோரெக்ஸியா என்ற அந்த நோய் மனநல நோய்களிலேயே உயிரை அதிகம் பறிப்பவற்றில் ஒன்று. யூடியூப் பார்த்துத் தண்ணீரைக் குடித்தே உடம்பைக் கரைத்துக்கொண்ட இளம்பெண்ணின் சாவை 2025-ல் பக்கத்து மாநிலமான கேரளத்திலிருந்து செய்தியாகப் படித்தோம். கேலி செய்தால் ரோஷம் வந்து குறைப்பார்கள் என்ற எண்ணமும் தவறு. எடைக்காக இழிவுபடுத்தப்பட்டவர்கள் அடுத்த நான்காண்டில் பருமனாகும் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு என்று 6,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களிடம் நடந்த ஆய்வு 2013-ல் காட்டியது.

இப்போது எடையைக் குறைக்கும் ஊசிகளும் வந்துவிட்டன. செமாக்ளூடைட், டிர்செபடைட் இரண்டையும் 2025 முதல் எடைக்காகவே இந்தியாவில் எழுதிக் கொடுக்கிறார்கள். குடலில் சுரக்கும் ஹார்மோனைப் போல் வேலை செய்பவை. செமாக்ளூடைட் போட்டவர்கள் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை இழந்தார்கள். நிறுத்தியபின் ஓராண்டில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவதுபோலத்தான் இதுவும். அதை எடுப்பவரைக் “குறுக்கு வழி” என்று இகழ்வது தவறு. மருத்துவர் சீட்டில்லாமல், முகம் தெரியாத எண்ணில் பணம் அனுப்பி வாங்குவது அதைவிடப் பெரிய தவறு. வாந்தி, பித்தப்பைக் கல், கணைய அழற்சி எல்லாம் இந்த ஊசியோடு வரக்கூடியவை. யாருக்குப் போடலாம், யாருக்குக் கூடாது என்று பார்க்க ஒருவர் வேண்டும்.

எடை காரணமில்லாமல் ஏறினாலும் இறங்கினாலும் முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அங்கே இலவசமாகப் பார்ப்பார்கள். தைராய்டு பரிசோதனை வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரை, பொடி, லேகியத்தின் பெயரையும் சொல்லுங்கள். சாப்பாடே பகையாகிவிட்ட பிள்ளைக்கு 14416 என்ற டெலி-மனஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், பகலிலும் இரவிலும்.

ஏற்கெனவே அந்த எடைக்குறைப்புப் பொடியைக் குடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் இன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். மூட்டுவலி, மூச்சிளைப்புப் பொடியை மட்டும், முன்பு சொன்னபடி, மருத்துவரிடம் காட்டித்தான் நிறுத்த வேண்டும். நெஞ்சு படபடப்பு, தலைசுற்றல், சிறுநீர் குறைவது, கண் மஞ்சளாவது இவற்றில் ஒன்று தென்பட்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். போகும்போது அந்த டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள், என்ன குடித்தோம் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.