பஸ் ஓட்டிய பியானோ விரல்கள்... ராக் அண்ட் ரோலுக்குத் தாளம் தந்த இடது கை!

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில், 1980-களில் முதியோரை ஏற்றி இறக்கும் பஸ் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார் ஜானி ஜான்சன். அறுபது வயதைத் தொட்டுக்கொண்டிருந்த கறுப்பின மனிதர். அந்த நேரத்தில் ரேடியோவைத் திருப்பினால், சக் பெர்ரியின் பழைய ஹிட் பாடல் ஏதாவது ஒன்று ஒலித்திருக்கலாம். அதில் பியானோ வாசித்தவரும் ஜானி ஜான்சன்தான்!

ராக் அண்ட் ரோல் என்றதும் நமக்குக் கிட்டாரும், இடுப்பை ஆட்டும் எல்விஸ் ப்ரெஸ்லியும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். ஆனால், அந்த இசையின் துள்ளல் கிட்டாரில் பிறந்ததல்ல. அதற்குப் பல வருடங்கள் முன்பே, பியானோக்காரர்களின் இடது கையில் அது உயிரோடு இருந்தது.

ரயில் ஓடும் இடது கை

அந்தப் பியானோ இசைக்குப் பெயர் பூகி-வூகி. டெக்சாஸின் கிழக்குப் பகுதிக் காடுகளில் மரம் வெட்டவும் தண்டவாளம் போடவும் போன கறுப்பினத் தொழிலாளர்களின் முகாம்களில் வளர்ந்தது இது. வேலை முடிந்தால் பொழுதுபோக்கு, சாராயக் கடையும் அங்கே கிடக்கும் ஒரு பழைய பியானோவும்தான். பேண்ட் கிடையாது, டிரம்ஸ் கிடையாது. கடை நிறைய ஆடும் கூட்டத்துக்கு ஒரே ஒரு ஆள் ஈடுகொடுக்க வேண்டும்!

வழி கண்டுபிடித்தார்கள். ஒரே ஆள் தவிலும் நாகஸ்வரமும் வாசிப்பதுபோல, இரண்டு கைகளுக்கும் வேலையைப் பிரித்துக்கொடுத்தார்கள். இடது கை, அடித்தளக் கட்டைகளில் ஒரே தாளத்தை விடாமல் உருட்டிக்கொண்டே இருக்கும். வலது கை அதன்மேல் இஷ்டம்போல விளையாடும். இடது கையை மட்டும் கேட்டால், ரயில் தண்டவாளத்தில் ஓடும் சத்தம் போலவே இருக்கும். மீட் லக்ஸ் லூயிஸ் என்ற கலைஞர் 1927-ல் பதிவுசெய்த புகழ்பெற்ற பூகி-வூகிக்கு, ரயிலின் பெயரையே வைத்தார்.

பெயர் கிடைத்தது, பிழைப்பு கிடைக்கவில்லை. லூயிஸும் அவருடைய நண்பர் ஆல்பர்ட் அம்மன்ஸும் சிகாகோவில் டாக்ஸி ஓட்டிய காலமும் உண்டு. 1938 டிசம்பரில் நியூயார்க்கின் கார்னெகி ஹாலில் இருவரும், பீட் ஜான்சன் என்ற இன்னொரு கலைஞரோடு மேடையேறினார்கள். சாராயக் கடையில் வளர்ந்த இசை, சாஸ்திரிய சங்கீத அரங்கத்தில் ஒலித்தது. அதற்குப் பிறகுதான் பூகி-வூகி ஜுரம் அமெரிக்கா முழுக்கப் பரவியது.

சின்ன பேண்ட், பெரிய துள்ளல்

அடுத்து வந்தது இரண்டாம் உலகப் போர். அப்போதெல்லாம் நடன அரங்குகளில் பதினைந்து, இருபது பேர் கொண்ட பெரிய இசைக்குழுக்கள்தான் வாசிக்கும். போரில் ஆட்கள் பட்டாளத்துக்குப் போனார்கள். பெட்ரோலுக்கும் டயருக்கும் ரேஷன். அத்தனை பேரைக் கட்டி மேய்ப்பது கட்டுப்படியாகவில்லை.

ஆகவே, ஐந்தாறு பேர் கொண்ட சிறு குழுக்கள் அந்த இடத்தைப் பிடித்தன. ஒரு பாடகர், ஒன்றிரண்டு சாக்ஸபோன், பியானோ, பேஸ், டிரம்ஸ். அடியில் உருளும் பூகி-வூகி தாளம், மேலே கேலியும் கிண்டலுமான ப்ளூஸ் பாட்டு. இதுதான் ஜம்ப் ப்ளூஸ். இதன் முடிசூடா மன்னர் லூயிஸ் ஜோர்டன். 1946-ல் வந்த அவருடைய ‘சூ சூ ச்பூகி’, கறுப்பின இசைக்கான பட்டியலில் 18 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது.

ஜோர்டனின் ரெக்கார்டுகளைத் தயாரித்தவர் மில்ட் கேப்ளர். இதே கேப்ளர்தான் 1954-ல் பில் ஹேலி என்ற வெள்ளையினப் பாடகரை வைத்து ‘ராக் அரவுண்ட் த க்ளாக்’ பாடலையும் தயாரித்தார். உலகத்துக்கு ராக் அண்ட் ரோலை அறிமுகப்படுத்திய பாடல் என்று பலரும் சொல்வது அதைத்தான். இசை புதிதல்ல. பாடிய முகம்தான் புதிது.

புத்தாண்டு இரவில் ஒரு போன்

மீண்டும் ஜானி ஜான்சனிடம் வருவோம். மேற்கு வர்ஜீனியாவில் 1924-ல் பிறந்தவர். சின்னஞ்சிறு வயதில் வீட்டுக்கு வந்த பியானோவில், குரு யாரும் இல்லாமல் தானாகவே வாசிக்கப் பழகினார். போரில் கடற்படைத் துருப்புகளில் பணியாற்றிவிட்டு வந்து, செயின்ட் லூயிஸில் மூன்று பேர் கொண்ட குழு ஒன்றை நடத்தினார்.

1952 டிசம்பர் 31. புத்தாண்டுக் கச்சேரிக்கு ஒப்புக்கொண்டாயிற்று. குழுவின் சாக்ஸபோன்காரருக்கோ உடம்பு சரியில்லை. அவசரத்துக்கு ஒரு கிட்டார்க்காரரைப் போனில் அழைத்தார் ஜானி. வந்தவர் சக் பெர்ரி.

ஒரு ராத்திரிக்கு வந்தவர் தங்கிவிட்டார். பெர்ரிக்குப் பேச்சும் உண்டு, கூட்டத்தைக் கட்டிப்போடும் வித்தையும் உண்டு. கொஞ்ச நாளில் குழுவே பெர்ரியின் குழுவானது. அமைதியான ஜானி அதை மறுக்கவில்லை. 1955-ல் சிகாகோவில் ‘மேபெலின்’ பாடலைப் பதிவுசெய்தார்கள். நாடே திரும்பிப் பார்த்தது. ஹிட்டுக்கு மேல் ஹிட். ரெக்கார்டின் மேல் அச்சான பெயர் மட்டும் சக் பெர்ரி.

யார் பாட்டு?

1986-ல் பெர்ரியின் அறுபதாவது பிறந்தநாளுக்கு செயின்ட் லூயிஸில் பெரிய கச்சேரி ஏற்பாடானது. அதை நடத்தித் தந்த ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ், ஜானியை மறுபடியும் பியானோ முன்னால் உட்காரவைத்தார்.

ரிச்சர்ட்ஸுக்கு ஒரு சந்தேகம். கிட்டார்க்காரர்களுக்கு விரல் சுலபமாகப் படிவது ஈ, ஏ போன்ற ஸ்கேல்கள். பெர்ரியின் பல பாடல்களோ பி ஃப்ளாட், ஈ ஃப்ளாட்டில் இருக்கின்றன. அவை பியானோவுக்கும் சாக்ஸபோனுக்கும் தோதானவை. அப்படியென்றால், இந்த மெட்டுகள் எந்த வாத்தியத்தில் பிறந்தன?

2000-ல் ஜானி நீதிமன்றப் படியேறினார். 50க்கும் மேற்பட்ட பாடல்களின் இசையில் தனக்கும் பங்குண்டு என்று வழக்குப் போட்டார். வரிகள் பெர்ரியுடையவை என்பதில் தகராறு இல்லை. இசை இருவரும் சேர்ந்து அமைத்தது என்பதே அவர் தரப்பு. 2002-ல் வழக்கு தள்ளுபடியானது. பங்கு உண்டா, இல்லையா என்று தீர்ப்பு சொல்லவில்லை. இத்தனை வருடம் கழித்துக் கேட்டது காலங்கடந்த விஷயம் என்பதே காரணம்.

பணம் வரவில்லை, மரியாதை வந்தது. 2001-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது. 2005-ல், 80 வயதில் காலமானார்.

பெர்ரியின் ‘ஜானி பி. குட்’ பாடலில் வரும் பெயர், இந்த ஜானியை மனதில் வைத்துத்தான் பிறந்தது. பாட்டில் அந்த ஜானி வாசிப்பது மட்டும் கிட்டார்! 1977-ல் வாயேஜர் விண்கலங்களில் நாசா அனுப்பிய தங்க இசைத்தட்டில் அந்தப் பாடலும் இருக்கிறது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். உங்கள் மொபைலில் ‘மேபெலின்’ ரெக்கார்டின் மறுபக்கமான ‘வீ வீ ஹவர்ஸ்’ பாடலைத் தேடுங்கள். ஹெட்போன் மாட்டிக்கொண்டு, பாடகரின் குரலுக்குப் பின்னால் ஓடும் பியானோவை மட்டும் கேளுங்கள். அங்கே இருக்கிறார் ஜானி ஜான்சன்.