பால்கனி என்னும் சபலம்
புறப்படச் சில வாரங்களே இருக்கையில் கப்பல் நிறுவனத்திடமிருந்து சேதி வருகிறது: கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் பால்கனி வைத்த கேபின். சவுதாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்கு 7 இரவுகள் அட்லாண்டிக்கைக் கடக்கும் 'குயின் மேரி 2' பயணிக்கு இது பெரிய சபலம்தான். ஆனால், தலையாட்டுமுன் கப்பலின் வரைபடத்தைப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

345 மீட்டர் நீளக் கப்பலில் ஆட்டம் எங்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. கீழ்த்தளத்தின் நடுப்பகுதியில் குறைவு. மேல்தளத்தின் முன்கோடியில் அதிகம். 8-வது தளத்திலோ பல பால்கனிகளின் பார்வையை உயிர்காப்புப் படகுகள் மறைக்கின்றன. குளிர்காலக் கடற்காற்றில் பால்கனிக் கதவைத் திறக்கவே தயக்கம் வரும். ஒப்புக்கொண்டபின் பழைய அறை வேறொருவருக்குப் போய்விடக்கூடும்.

அலை என்றாலே குமட்டும் பயணிக்கு, கப்பலின் நடுவே ஜன்னலே இல்லாத கேபின்தான் நிஜமான சொகுசு.