ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையும் தனியார் வகுப்புகளும்: நோக்கமும் நடைமுறையும்

இலங்கையில் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா முன்னெடுத்த இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தது. அக்காலத்தில் உருவான புலமைப்பரிசில் பரீட்சை, கிராமப்புற ஏழை மாணவர் மத்திய பாடசாலைகளில் பயில வழிவகுத்தது. இன்று சிங்களம், தமிழ் ஆகிய இரு மொழிகளிலும், ஏறத்தாழப் பத்து வயதுச் சிறுவர்க்கு நடத்தப்பெறும் இப்பரீட்சைக்கு இரு பயன்கள் உள்ளன: வறிய மாணவர்க்கு உதவிப்பணம் வழங்கல், ஆறாம் தரத்திற்குப் பிரபல பாடசாலைகளில் அனுமதி வழங்கல்.

இவற்றுள் இரண்டாவதே தனியார் வகுப்புகளைப் பெருக்கியது. உதவிப்பணம் குடும்ப வருமானத்தையும் கருதுகிறது. பாடசாலை அனுமதியிலோ வருமானத்திற்கு இடமில்லை, புள்ளியே முடிவு செய்கிறது. இடங்கள் குறைவாதலின் வெட்டுப்புள்ளியை ஒரு புள்ளியால் தவறவிடுதலும் இழப்பே. எனவே மாதிரி வினாத்தாள்களை மீண்டும் மீண்டும் செய்வித்து, விடையளிக்கும் வேகத்தையும் வினா வடிவப் பழக்கத்தையும் வளர்ப்பது வகுப்புகளின் முதன்மைப் பணியாகிறது. பயிற்சியால் உயரும் புள்ளி, மாணவரின் இயல்திறனோடு பெற்றோரின் கட்டணம் செலுத்தும் ஆற்றலையும் சேர்த்தே காட்டுகிறது.

வசதியின்மையை ஈடுசெய்யத் தோன்றிய பரீட்சை வசதியையே அளக்கத் தலைப்படும் முரண் இதுவாகும். வகுப்புகளைத் தடைசெய்வதால் மட்டும் இது தீராது. அயற்பாடசாலை பிரபல பாடசாலைக்கு நிகராகும்போதே அவற்றிற்கான தேவை குறையும்.