ஆப்ஜெக்ட் பாடத்துக்கு முதலில் அட்டை, பிறகு கம்ப்யூட்டர்

உங்கள் வீட்டில் மேல்நிலை வகுப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்த பிள்ளை இருந்தால், ‘கிளாஸ்’, ‘ஆப்ஜெக்ட்’ என்று மனப்பாடம் செய்வது காதில் விழுந்திருக்கும். இன்ஜினியரிங் படித்தபோது நானும் அப்படித்தான் செய்தேன். மார்க் வந்தது. வேலைக்குச் சேர்ந்து எழுதிய முதல் புரோகிராமிலோ எல்லா வேலையையும் ஒரே கிளாஸில் மூட்டையாகக் கட்டி வைத்திருந்தேன். சீனியர் படித்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்தார்.

கோடை விடுமுறையில் சித்தி தன் மகளுக்கும் அவள் தோழிகள் நால்வருக்கும் இதைச் சொல்லித்தரச் சொன்னார். முதல் நாள் நானும் இலக்கணத்தையே போர்டில் எழுதினேன். மறுநாள் வந்தது மூன்றே பேர். “இதுக்கு கைடே போதுமே அண்ணா” என்றாள் சித்தி மகள்.

அன்று கம்ப்யூட்டரை ஆன் செய்யவே இல்லை. கென்ட் பெக், வார்ட் கன்னிங்ஹாம் என்ற இருவர் 1989-ல் வெளியிட்ட சி.ஆர்.சி. அட்டை முறையை எடுத்துக்கொண்டேன். ஒரு கிளாஸுக்கு ஓர் அட்டை. மேலே அதன் பெயர், இடப்பக்கம் அதன் பொறுப்புகள், வலப்பக்கம் உதவிக்கு அது அழைக்கும் மற்ற கிளாஸ்கள். அவ்வளவுதான்.

நூலகத்தை உதாரணமாக எடுத்தோம். ‘உறுப்பினர்’, ‘புத்தகம்’, ‘இரவல்’ என்று ஆளுக்கு ஓர் அட்டையுடன் நாடகம் போட்டோம். “இருக்கிறாயா?” என்று உறுப்பினர் கேட்டார். “வெளியே போயிருக்கிறேன்” என்றது புத்தகம். ‘இரவல்’ அட்டை வைத்திருந்த பெண் குறுக்கிட்டாள்: “அதே புத்தகம் இன்னொண்ணு அலமாரியில இருந்தா?”

நான் இதை யோசித்து வைத்திருக்கவில்லை! ‘புத்தகம்’ அட்டையைக் கிழித்து இரண்டு அட்டைகள் எழுதினார்கள். தலைப்பும் ஆசிரியரும் ‘நூல்’ அட்டைக்கு. உள்ளே இருக்கிறதா, வெளியே போயிருக்கிறதா என்பது ‘பிரதி’ அட்டைக்கு. எந்தத் தகவல் யாரிடம் இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் ஆப்ஜெக்ட் டிசைன். கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகு இந்தத் தவறு தெரிந்திருந்தால் பாதி புரோகிராமை மாற்ற வேண்டியிருந்திருக்கும். இங்கே ஓர் அட்டையோடு போயிற்று.

இரவு அந்தக் கிளாஸ்களை ஜாவாவில் எழுதி, மறுநாள் புளூஜே சாப்ட்வேரில் திறந்தேன். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்காகவே உருவானது இது, இலவசம். கிளாஸ்கள் திரையில் பெட்டிகளாகத் தெரியும். ‘பிரதி’ பெட்டியில் ரைட் கிளிக் செய்து ஆப்ஜெக்ட் உருவாக்கினால், கீழே சிவப்புப் பெட்டி ஒன்று வரும். இருமுறை செய்தோம், இரண்டு பிரதிகள். ஒன்றை மட்டும் இரவல் கொடுத்தோம். மற்றது உள்ளேயே இருந்தது. ஒரே கிளாஸ், இரண்டு ஆப்ஜெக்ட். இலக்கணம் யாருக்கும் தேவைப்படவில்லை.

நின்றுவிட்ட இரண்டு பேரும் நான்காம் நாள் வந்தார்கள். அன்றைய சண்டை: தாமத அபராதத்தைக் கணக்கிடுவது உறுப்பினரா, பிரதியா, இரவலா? உங்கள் வீட்டிலும் நான்கு அட்டைகளை வெட்டிக் கேட்டுப் பாருங்கள்.