பெட்டியின் பக்கவாட்டில் ஒரு முகவரி

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்கள், சீன வணிகர்கள் தந்ததாகச் சொல்லப்படும் பெரிய சாடிகளைப் பார்த்திருப்பார்கள். கப்பலில் வந்த வீட்டுச் சாமான் நாஞ்சில் நாட்டுக்குப் பழக்கமானதுதான். இன்று அதைத் தருவிப்பவர்கள் நம் ஊர் பாத்திரக்கடைக் குடும்பங்கள்.

பூதப்பாண்டிப் பக்கம் கல்யாணம் என்றால் சீர்ப் பாத்திரம் எடுக்க நாகர்கோவிலுக்கு பஸ் ஏறுவார்கள். உருளியும் சருவமும் நிறை போட்டு விற்ற கடைகளில் இப்போது ஃபிளாஸ்க், நான்ஸ்டிக் சட்டி, பீங்கான் தட்டு என்று அலமாரி நிறைந்து கிடக்கிறது. அப்பா காலத்தில் பாரிமுனை மொத்தக் கடையிலிருந்து லாரியில் சரக்கு வந்தது. பிள்ளைகள் காலத்தில் சீனாவின் ஈவூ சந்தையிலிருந்தே வருகிறது. சுமார் 75,000 கடைகள் கொண்ட சந்தை அது.

நுழைவது கடினமில்லை. இறக்குமதிக் குறியீட்டு எண்ணுக்குக் கட்டணம் 500 ரூபாய். பான் எண்ணே அந்த எண். முதலில் நாலு பேரோடு கன்டெய்னரில் இடம் பகிர்ந்துகொள்வார்கள். வியாபாரம் பிடித்தால் 20 அடி கன்டெய்னரைத் தனியாகவே எடுப்பார்கள்; அதன் கொள்ளளவு சுமார் 33 கனமீட்டர். தூத்துக்குடியில் கிளியரிங் ஏஜென்ட், சுங்க வரி, ஜி.எஸ்.டி. எல்லாம் முடிந்து சரக்கு கடைக்கு வரும். 2025 மே 2-ல் திறந்துவைக்கப்பட்ட விழிஞ்ஞம் துறைமுகம் நாகர்கோவிலுக்கு இன்னும் பக்கம்.

கவலை வேறிடத்தில் இருக்கிறது.

பழைய கடையில் எவர்சில்வர் குடம் வாங்கினால், சின்ன மெஷினை டர்ரென்று ஓட்டிப் பெயரும் தேதியும் வெட்டித் தருவார்கள். ஓட்டை விழுந்தால் அதே கடைக்குக் கொண்டுபோகலாம். பழசைப் போட்டுப் புதுசு எடுக்கலாம். இன்றைக்கு வாங்கும் ஃபிளாஸ்க்கின் மூடி ரப்பர் ஆறு மாதத்தில் இளகிவிட்டால் மாற்று ரப்பர் கிடைப்பதில்லை. அடுத்த கன்டெய்னரில் அந்த மாடலே வராது. நல்ல ஃபிளாஸ்க் பரணுக்குப் போகிறது.

சட்டம் தெளிவாக இருக்கிறது. இறக்குமதி செய்த பொட்டலத்தில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரான நாடு, அதிகபட்ச விலை, புகார் எண் எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். பிரஷர் குக்கருக்கு 2021 பிப்ரவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பழுதான பொருளால் பாதிப்பு நேர்ந்து, தயாரித்தவர் இந்தியச் சட்டத்துக்குள் வராதவர் என்றால், விற்றவர்தான் பொறுப்பு. விற்பவர் என்பதில் இறக்குமதியாளரும் அடக்கம். கன்டெய்னர் எடுக்கும் குடும்பம் லாபத்தோடு இந்தப் பொறுப்பையும் சேர்த்தே இறக்குகிறது.

இறக்குமதியே பத்தமடைப் பாய் போன்ற உள்ளூர்த் தொழில்களைக் கெடுக்கிறது என்பவர்களும் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் சாமான் வந்து இறங்கிவிட்டது. இனி அதற்கு யார் பதில் சொல்வது என்பதுதான் கேள்வி.

கடைக்காரக் குடும்பங்கள் ஒவ்வொரு கன்டெய்னரிலும் ஒரு பெட்டி மூடி, ரப்பர், கைப்பிடி சேர்த்து வரவழைக்கட்டும். வாங்குபவர்கள் பெட்டியைத் திருப்பி முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள். கடையில் பதில் கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.