மழையில் நனைந்த மகரந்தம்

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஜப்பானில் கார் வைத்திருப்போருக்கு ஒரு தொல்லை உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலைகளில் ஏராளமாக நட்டு வளர்த்த சுகி என்னும் ஊசியிலை மரங்களின் மகரந்தம், வண்டியின்மேல் மஞ்சள் மாவுபோல் படிந்துவிடுகிறது. துணியால் துடைத்தால் போயிற்று என்கிறீர்களா? கூடாது. அதனுடன் கலந்துள்ள மண் துகள்கள் பூச்சைக் கீறிவிடும்.

உலர்ந்த மகரந்தத்தைவிட நனைந்ததே பொல்லாதது. ஒரு தூளின் குறுக்களவு ஏறத்தாழ 30 மைக்ரான். அதாவது மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு. மழைநீர் பட்டதும் அது உப்பி வெடிக்கிறது. உள்ளிருந்து பெக்டின் என்னும் பசை வெளிப்படுகிறது. (கொய்யாப்பழ ஜெல்லியை உறையவைப்பதும் பெக்டின்தான்!) வெயிலில் காயும்போது இப்பசை சுருங்குகிறது. ஒட்டிக்கொண்டே சுருங்குவதால் பூச்சின் மேற்படலத்தையும் சேர்த்து இழுக்கிறது. படலம் நெளிந்து குழிகிறது. நாம் கறை என்று காண்பது பெரும்பாலும் சாயமன்று. இந்த நெளிவுகளில் ஒளி சிதறுவதே ஆகும்.

ஆகவே, மழை வருமுன் நிறைய நீர் ஊற்றித் தூளைக் கழுவி, ஈரத்தை ஒற்றி எடுத்துவிட வேண்டும். கறை விழுந்துவிட்டால்? அவ்விடத்தில் மெல்லிய துணியை விரித்து, சுமார் 70 பாகை செல்சியஸ் வெந்நீரைச் சிறிது சிறிதாக ஊற்றுகிறார்கள். பசை இளகுகிறது; படலமும் சூட்டில் தளர்ந்து பழைய நிலைக்கு மீள்கிறது. குளிர்ந்த கண்ணாடிமீது மட்டும் ஊற்றிவிடாதீர்கள், விரிசல் விடலாம். கோடையில் வெயிலில் நின்ற வண்டியின் கறை தானே மங்குவதும் உண்டு. அங்கும் வேலை செய்வது இதே சூடுதான்.